மத்தீஸ் கையெழுத்திட்ட யுலிசிஸ், 1935: இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்லலாமா?

கடற்கரை நடையன்

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் நண்பர் ஒருவர் போன ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கனத்த புத்தகத்தை இறக்கி மேசையில் வைத்தார். அட்டை உறையிலிருந்து உருவியதும் பழுப்பு நிறத் துணி பைண்டிங், அதன்மேல் தங்க நிறத்தில் புடைத்து நிற்கும் கோட்டோவியம். ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ், டப்ளின் நகரில் ஒரே நாளில் நடக்கும் நாவல். 1935-இல் நியூயார்க்கில் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் போட்ட பதிப்பு. ஓவியம் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ்.

பிரதி எண் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினார். மத்தீஸின் கையெழுத்து இருந்தது. "ஜாய்ஸ் இதில் கையெழுத்துப் போடவில்லை" என்று பெரியவர் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. இருவரும் கையெழுத்திட்ட பிரதிகள் தனியாக உண்டாம், விலையும் பல மடங்காம்.

எனக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் உள்ளே இருந்தது. நான் இருப்பது டப்ளினில், சாண்டிமவுண்ட் பக்கம். தினமும் அந்தக் கடற்கரையில் நடக்கிறவன். கடல் உள்வாங்கும்போது ஈர மணல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும். நாவலில் கெர்ட்டி என்ற பெண் உட்கார்ந்திருப்பது இந்த மணலில்தான். நாவலின் நாயகன் புளூம் காலையில் சிறுநீரகம் வறுக்கும் எக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண் வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் அதன் கதவை ஜாய்ஸ் மையத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்த்திருக்கிறேன். மத்தீஸ் இந்த ஊரை எப்படி வரைந்திருப்பார் என்று ஆசையாகப் புரட்டினேன். டப்ளின் எங்கேயும் இல்லை! தெருவும் இல்லை, மணலும் இல்லை. நாவலுக்கு அடிப்படையான பழைய கிரேக்கக் காவியம், ஹோமரின் ஒடிஸியை வரைந்து வைத்திருக்கிறார். நாவலில் ஒரு முரட்டு ஆள் மதுக்கடை வாசலில் புளூமை நோக்கி பிஸ்கட் டின்னை வீசுகிற இடத்தில், படத்தில் ஒற்றைக்கண் ராட்சதனின் கண்ணில் ஈட்டி பாய்கிறது.

மத்தீஸ் நாவலைப் படிக்கவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் இது எந்த வகையில் இரண்டு கலைஞர்களின் கூட்டுப் புத்தகம்? இருவர் பெயரையும் ஒரே அட்டைக்குள் போட்டுவிட்டால் போதுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பிரதி எண்

முதலில் புத்தகத்தைப் பற்றிய விவரம், அப்புறம் என் கருத்து.

மொத்தம் 1,500 பிரதிகள். எல்லாவற்றிலும் மத்தீஸ் கையெழுத்து உண்டு. 250 பிரதிகளில் மட்டும் ஜாய்ஸும் கையெழுத்திட்டார். கிளப்பை 1929-இல் தொடங்கிய ஜார்ஜ் மேசி ஓவியருக்குக் கொடுத்த தொகை 5,000 டாலர். ஆபாசம் என்று அமெரிக்காவில் யுலிசிஸ் மீதிருந்த தடை 1933 டிசம்பரில் நீதிபதி வூல்சியின் தீர்ப்பால்தான் விலகியது. இரண்டே வருடத்தில் இப்படி ஒரு பதிப்பு வந்தது துணிச்சலான காரியம்.

உள்ளே ஆறு எட்சிங், அதாவது தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிட்ட படங்கள். ஆறும் ஒடிஸியிலிருந்து: கலிப்சோ, ஏயோலஸ், ராட்சதன் பாலிஃபீமஸ், நாசிக்கா, சர்சி, இத்தாக்கா. கூடவே மத்தீஸின் 20 முன்வரைவுகளை நீலத் தாளிலும் மஞ்சள் தாளிலும் அச்சிட்டுச் சேர்த்திருக்கிறார்கள்.

மத்தீஸ் படிக்காமல் வரைந்தார் என்று தெரிந்ததும் ஜாய்ஸ் கோபப்பட்டு 250-ஓடு பேனாவை வைத்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. பழம்புத்தக வியாபாரிகளுக்கு ரொம்பப் பிடித்த கதை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒடிஸியை வரையப்போவதாக மத்தீஸ் முன்கூட்டியே ஜாய்ஸிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறார், ஜாய்ஸும் சரி என்றிருக்கிறார். மத்தீஸ் அயர்லாந்தைப் பார்த்ததில்லை என்று கவலைப்பட்டு, நாவல் நடக்கும் 1904 வாக்கில் டப்ளினில் வந்த படப்பத்திரிகை கிடைக்குமா என்று ஊரிலிருந்த நண்பருக்கு ஜாய்ஸ் கடிதமும் எழுதினார். ஓவியர் தன் ஊரைக் கொஞ்சமாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கிறது. நடையன் அண்ணாவுக்கு வந்த அதே ஆசை.

ஆனால் என் தீர்ப்பு கடுமையானது. இது கூட்டுப் படைப்பு இல்லை. ஒரு பதிப்பாளர் இரண்டு பெரிய பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த புத்தகம். அழகான புத்தகம், நானே ஒன்று வைத்திருக்கிறேன், விற்க மாட்டேன். ஆனாலும் அது அதுதான்.

நிழற்குடை

அண்ணா, மஞ்சள் தாள் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு வந்த முதல் போனஸில் ஒரு படம் வாங்கினேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் "மத்தீஸ் எட்சிங், 1935, அசல்" என்று போட்டிருந்தார். ஃபிரேம் போட்டே வந்தது. மஞ்சள் தாள், அதில் பெண் உருவங்களின் வேகமான கோடுகள். கையெழுத்து இல்லையே என்று கேட்டேன். புத்தகத்தில்தான் கையெழுத்து இருக்கும், படத்தில் இருக்காது என்று பதில் வந்தது. நம்பினேன். என் அறையில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். நான் வாங்கியது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா?

ஈய எழுத்து

தம்பி நிழற்குடை, பதற்றப்படாமல் ஃபிரேமைக் கழற்றுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், அதைப் போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது. சுத்தமான, காய்ந்த கை போதும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத் தாளைச் சாய்த்துப் பாருங்கள்.

எட்சிங் என்றால் படத்தைச் சுற்றி ஒரு நீள்சதுரப் பள்ளம் தெரிய வேண்டும். செப்புத் தகட்டை ஈரத் தாளோடு சேர்த்து உருளைக்கு நடுவில் விட்டு அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதியும். அந்தத் தடம் காலத்துக்கும் போகாது. கோடும் லேசாக மேலெழுந்து நிற்கும். சாதாரண அச்சில் மை தாளோடு தட்டையாகக் கிடக்கும்.

நான் சிவகாசியில் முப்பத்தெட்டு வருடம் அச்சில் இருந்தவன். எட்சிங் எங்கள் தொழில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஓவிய நண்பரின் பட்டறையில் ஆசைக்குக் கற்றுக்கொண்டேன். மத்தீஸ் இதில் செய்திருப்பது மென்மெழுகு முறை. மெழுகில் கொழுப்பைக் கலந்து தகட்டில் பூசுவார்கள், அது இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். அதன்மேல் ஒரு தாளை விரித்து, தாளின் மேல் பென்சிலால் வரைய வேண்டும். பென்சில் அழுத்திய இடத்தில் மெழுகு தாளின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தாளை உரித்து எடுத்தால் அங்கே மட்டும் தகடு பளிச்சென்று தெரியும். அமிலத்தில் இறக்கினால் அந்தக் கோடு மட்டும் அரிக்கும். அதனால்தான் அச்சில் வரும்போது பென்சிலால் வரைந்த மாதிரியே பொரபொரவென்று இருக்கிறது. நான் முதன்முதலில் தாளை உரித்தபோது, என் மணிக்கட்டு பட்ட இடத்திலெல்லாம் மெழுகு சேர்ந்து வந்து, படம் முழுக்கத் தேமலாகிவிட்டது. கையைத் தாளில் வைக்காமல் அந்தரத்தில் பிடித்து வரைய வேண்டும். மத்தீஸுக்கு அப்போது 65 வயது. அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஓரிடத்திலும் கை தயங்கவில்லை.

நிழற்குடை

பார்த்துவிட்டேன் ஐயா. பள்ளம் இல்லை. நாலு பக்கமும் விளக்கு வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் தாள் கொஞ்சம் பிசிறாக இருக்கிறது, புத்தகத்திலிருந்து கிழித்த இடம் போல.

பிரதி எண்

அப்படியானால் அது முன்வரைவின் அச்சுப் பிரதி. எட்சிங் இல்லை. யாரோ ஒரு முழுப் புத்தகத்தைப் பிரித்து, தாள் தாளாக விற்றிருக்கிறார்கள். இது நடக்கிறது. ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. 1,500-இல் இன்னும் ஒன்று குறைந்துவிட்டது.

சலங்கை

எல்லோரும் மத்தீஸையும் ஜாய்ஸையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு லூசியா ஞாபகம் வருகிறது.

லூசியா ஜாய்ஸின் மகள், பாரிஸில் நடனம் பயின்று மேடை ஏறியவள். பிறகு நடனத்தை விட்டுவிட்டாள். அதன்பின் அவள் கைக்கு வந்தது எழுத்தோவியம். பாட்டின் முதல் எழுத்தைக் கொடி போல, சுடர் போல வளைத்து வண்ணத்தில் வரைவாள். 1932-இல் ஜாய்ஸ் தன் சிறிய கவிதைத் தொகுப்பைத் தன் கையாலேயே எழுதி, அதை அப்படியே அச்சாக்கினார்கள். ஒவ்வொரு கவிதைக்கும் லூசியாவின் முதலெழுத்து. வெறும் 25 பிரதிகள். அவற்றில் ஜாய்ஸ் கையெழுத்திட்டார்.

நான் நாட்டியக்காரி, அதனால் இப்படிப் பார்க்கிறேன். மேடையில் நட்டுவனார் ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் என் கால் அந்த இழுப்புக்குக் காத்திருக்கும். என் முகத்தில் ஒரு பாவம் நின்றுவிட்டால் பாடுகிறவர் அதே வரியை இன்னொரு தடவை எடுப்பார். ஒருத்தர் செய்வது மற்றவர் உடம்பில் தெரிய வேண்டும். அந்த 25 பிரதிகளில் அது இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து ஒல்லியாக, சாய்ந்து ஓடுகிறது, அதன் தொடக்கத்தில் மகளின் எழுத்து நிறத்தோடு நிற்கிறது. அவள் எழுதாவிட்டால் அந்த வரி தொடங்கவே முடியாது. ஏனென்றால் முதலெழுத்து அவளுடையது!

மத்தீஸ் புத்தகம் வந்த 1935-க்குள் லூசியாவின் மனநிலை மிகவும் மோசமாகிவிட்டது. வாழ்நாளின் பெரும்பகுதி மருத்துவமனைகளில் கழிந்தது. 1982-இல் இங்கிலாந்தில் இறந்தாள். சேகரிப்பாளர்கள் ஜாய்ஸ் கையெழுத்தின் விலையைப் பேசும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடற்கரை நடையன்

சலங்கை, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு. நன்றி.

பிரதி எண்

சலங்கை சொன்ன அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் எனக்கு முதலிடத்தில் வருவது இன்னொரு புத்தகம்.

நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வெஸ்ட் ஐஸ்லிப் என்ற ஊர். தாத்தியானா குரோஸ்மன் என்ற பெண்மணி 1957-இல் தன் வீட்டிலேயே கல் அச்சுப் பட்டறை தொடங்கினார். முதலில் பயன்படுத்திய கற்கள் அவர் வீட்டு முற்றத்தில் நடைபாதைக்குப் போட்டிருந்தவை. எப்போதோ யாரோ போட்டுவைத்த அச்சுக்கல் அது என்று தெரியாமல் அத்தனை நாள் அதன்மேல் நடந்திருக்கிறார்கள். அங்கே கவிஞர் ஃபிராங்க் ஓஹாராவையும் ஓவியர் லாரி ரிவர்ஸையும் ஒரே கல்லின் முன் உட்கார வைத்தார் குரோஸ்மன். கவிதையை எழுதி முடித்து ஓவியரிடம் கொடுக்கவில்லை, ஓவியத்தை முடித்துக் கவிஞரிடம் கொடுக்கவும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே கல்லில், மாறி மாறி வரைந்தும் எழுதியும் போனார்கள். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டுச் செய்த வேலை. 25 பிரதிகள்தான்.

ஈய எழுத்து

ஐயோ, அந்தக் கவிஞர் என்ன பாடுபட்டிருப்பார்!

பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். கல்லில் இருப்பது தாளில் இடம் மாறி விழும். அதனால் கல்லில் எழுதுகிறவர் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி எழுத வேண்டும். ஓவியருக்குப் பிரச்சினை இல்லை, முகம் இடது பக்கம் பார்த்தால் என்ன, வலது பக்கம் பார்த்தால் என்ன. கவிஞருக்கு அவர் தாய்மொழியே அந்நியமாகிவிடும். ஒரு சொல்லை எழுதவே அரை நிமிஷம் ஆகும். நீளமான வரி எழுத மாட்டார், எழுத முடியாது. அந்தக் கல் அவர் வரியைக் குறுக்கிவிடும். சலங்கை அம்மா சொன்ன மாதிரி, ஒருத்தர் தொழில் மற்றவர் உடம்பில் தெரிவது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் வந்துவிட்டது. பழைய கற்கள் பின்கட்டில் கிடந்தன. ஒன்றைத் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். மழை பெய்து நனைந்தால் அதன் முகத்தில் ஒரு காலண்டர் லட்சுமியின் விளிம்புக்கோடு மங்கலாகத் தெரியும். எத்தனையோ வருஷம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, கொழுப்பு மை கல்லுக்குள் இறங்கிவிட்டது. பெரியவர் ஒருவர் இருந்தார், அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். குரோஸ்மன் அம்மாள் முற்றத்துக் கல்லைப் பற்றிப் படித்ததும் அவர் முகம் வந்து நின்றது.

நிழற்குடை

அப்படியானால் தள்ளித் தள்ளி இருந்து செய்வதெல்லாம் கூட்டு வேலை ஆகாதா? என் துறை அனிமேஷன். நான் சிங்கப்பூரில், இசையமைப்பாளர் வேறு நாட்டில். முகமே பார்த்ததில்லை. ஆனால் அவர் அனுப்பும் தாளத்துக்கு நான் ஃபிரேமை மாற்றுகிறேன்.

பிரதி எண்

ஆகும் நண்பரே. எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டும் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் செய்த 1976 புத்தகம் அப்படித்தான். இருவரும் அதிகம் சந்திக்கவில்லை, கொஞ்சம் பேசினார்கள், பிரிந்து போனார்கள். பெக்கெட்டின் ஐந்து சிறு உரைநடைத் துண்டுகள், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். ஜான்ஸின் 33 எட்சிங்குகள், பாரிஸில் குரோம்லிங்க் பட்டறையில் அச்சானவை. 250 பிரதிகள், இருவர் கையெழுத்தும் உண்டு. ஜான்ஸ் கதையை வரையவில்லை. தன் பழைய ஓவியமொன்றிலிருந்து கோடுகளையும் கல் பாவிய தரையையும் உடல் துண்டுகளையும் எடுத்து வந்து வைத்தார். ஆனால் பெக்கெட்டின் வரி எவ்வளவு வறண்டு, திரும்பத் திரும்ப அதே சொல்லுக்கு வருகிறதோ, அதே மாதிரி ஜான்ஸின் தகடுகளும் திரும்பத் திரும்ப அதே உருவத்துக்கு வருகின்றன. தூரத்தில் இருந்தாலும் ஒரே மூச்சு.

அந்தப் புத்தகத்துக்கென்றே கையால் செய்த தாளில் நீர்க்குறியாக பெக்கெட்டின் பெயர் முதலெழுத்துகளும் ஜான்ஸின் கையெழுத்தும் இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும்.

கடற்கரை நடையன்

இரண்டு நாளாக யோசித்தேன். நேற்று பெரியவர் வீட்டுக்கு மறுபடியும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். என் முதல் பதிவில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் வீட்டில் வைத்திருக்கும் சாதாரணப் பதிப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் அத்தியாயத்துக்குத் தலைப்பே கிடையாது. கலிப்சோ, நாசிக்கா, சர்சி என்ற பெயர்களை நாம்தான் சொல்கிறோம். எழுதும்போது ஜாய்ஸ் அந்தப் பெயர்களை வைத்திருந்தார், புத்தகமாக வந்தபோது எடுத்துவிட்டார். எந்த அத்தியாயம் ஒடிஸியின் எந்தப் பகுதிக்கு இணை என்று நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். 1930-இல் அவர் நண்பர் ஸ்டூவர்ட் கில்பர்ட் ஜாய்ஸின் உதவியோடு அதை விளக்கி எழுதிய பிறகுதான் ஊருக்கு முழுசாகத் தெரிந்தது. 1935 பதிப்புக்கு முன்னுரை எழுதியதும் அதே கில்பர்ட்தான்.

சரி, ஜாய்ஸ் மறைத்து வைத்த அடித்தளம் எது? ஹோமர். மத்தீஸ் வரைந்தது எது? அதே ஹோமர். டப்ளினை ஜாய்ஸ் ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு சந்தாக எழுதி முடித்துவிட்டார். அதை இன்னொருவர் வரைய என்ன இருக்கிறது? ஓவியர் அந்த வீட்டின் அடியில் இருக்கும் பழைய அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்து மேலே வைத்திருக்கிறார். படிக்காமலேயே! அது தற்செயலா, உள்ளுணர்வா, கில்பர்ட்டின் வழியாக வந்ததா, எதுவானாலும் ஜாய்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. மஞ்சள், நீலத் தாள்களை முதல் நாள் அவசரமாகத் தள்ளிவிட்டேன். நேற்று நிதானமாகப் பார்த்தேன். ஒரே உருவத்தை மத்தீஸ் மறுபடி மறுபடி வரைகிறார். முதல் தாளில் அவசரம், அடுத்ததில் கை ஒரு பக்கம் இழுக்கிறது, அப்புறம் ஒரு உருவம் காணாமல் போகிறது, கடைசியில் வெள்ளைத் தாளில் எட்சிங். ஒரு மனிதன் யோசிப்பதை வரிசையாகப் பார்க்கிறோம். ஒரே நாளைப் பதினெட்டு அத்தியாயங்களில் பதினெட்டு விதமாக எழுதிப் பார்த்த நாவலுக்குள் இந்தத் தாள்கள் இருப்பது பொருத்தம். எட்சிங்கைவிட அந்த மெல்லிய தாள்கள்தான் நாவலுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

ஓஹாராவும் ரிவர்ஸும் மாதிரி ஒரே கல்லில் கை வைக்கவில்லை, உண்மை. ஆனால் வெறும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்று பிரதி எண் சொன்னதையும் என்னால் இனி ஒப்புக்கொள்ள முடியாது.

பிரதி எண்

தலைப்பு நீக்கிய விஷயம் எனக்குத் தெரியும். அதை இந்தப் படங்களோடு சேர்த்து யோசித்ததில்லை. என் பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டும். "கூட்டுப் படைப்பு இல்லை" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "கூட்டு வேலை செய்யவில்லை, ஆனால் ஒரே ஆழத்துக்குப் போனார்கள்" என்று வைத்துக்கொள்வோமா?

பெரியவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஜாய்ஸ் கையெழுத்து இல்லை என்று அவர் வருந்த வேண்டாம். சேகரிப்பில் நான் கற்ற ஒன்று, கையெழுத்து எப்போது, எந்தக் கையால் விழுந்தது என்பதும் சேர்ந்ததுதான் புத்தகத்தின் கதை. 1913-இல் பிளேஸ் சான்ட்ரார் கவிதையும் சோனியா தெலோனே வண்ணமுமாக இரண்டு மீட்டர் நீளத்துக்கு மடித்து மடித்து ஒரு புத்தகம் போட்டார்கள். 150 பிரதிகளையும் விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஐஃபெல் கோபுர உயரம் வர வேண்டும் என்பது கணக்கு. அத்தனை பிரதி முடிக்கவில்லை. 1915-இல் போரில் சான்ட்ராருக்கு வலது கை போய்விட்டது. அதற்குப் பிறகு இடது கையால் எழுதப் பழகினார். ஆகவே அவர் கையெழுத்தைப் பார்த்தால் அது போருக்கு முந்தியதா பிந்தியதா என்று கவனித்துப் பார்ப்பேன். இடது கை எழுத்து என்றால் எனக்கு மதிப்பு கூடுதலாகத்தான் படும், சந்தை என்ன சொன்னாலும்.

சலங்கை

அந்த இடது கை விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நிழற்குடை தம்பி, உங்கள் படத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா?

நிழற்குடை

எழுதினேன் அக்கா. பதில் வரவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது, கிடைக்காது என்று தெரியும். கோபம் இருக்கிறது. ஆனால் நடையன் அண்ணா அந்தத் தாள்களைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு இறக்கி வைக்க மனசு வரவில்லை. நான் செய்வதும் அதுதானே, ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைவது. பின்பக்கத்தில் "முன்வரைவின் அச்சு, 1935 பதிப்பிலிருந்து பிரித்தது" என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி ஃபிரேமில் ஒட்டிவிட்டேன். எனக்குப் பிறகு யாரும் ஏமாற வேண்டாம்.

ஈய எழுத்து

நல்ல காரியம். சீட்டை ஃபிரேமில் ஒட்டினீர்கள்தானே, தாளில் இல்லையே? முதலில் அந்த மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்து அதை எடுங்கள். சாயங்கால வெயில் வண்ணத் தாளை வெளுக்கடித்துவிடும். ஆறு வருடத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? ஃபிரேமின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தைப் பாருங்கள்.

நிழற்குடை

பார்த்தேன் ஐயா. ஓரம் மட்டும் எலுமிச்சைப் பழம் மாதிரி இருக்கிறது, நடுவில் காய்ந்த வைக்கோல் நிறம். எடுத்துவிட்டேன். இப்போது உள் சுவரில், நான் வரையும் மேசைக்கு மேலே.